ஐஸ் ஆகர் பிளேடு உறைந்து போகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடியுங்கள்

உறைந்த ஏரியில் மீன் பிடிப்பவர்களுக்கு நன்றாகப் பழகிப்போன எரிச்சல் இது. முதல் ஓட்டை சர்ரென்று இறங்கியிருக்கும். பத்தடி தள்ளி இரண்டாவது ஓட்டைக்கு ஆகரை (ஐஸில் ஓட்டை போடும், அடியில் பிளேடு மாட்டிய சுருள் துளைக்கருவி) வைத்தால் வழவழவென்று அதே இடத்தில் சுற்றுமே தவிர ஒரு சீவல்கூட வராது. பிளேடு போச்சு என்று முடிவுகட்டி, புதுசு வாங்கி மாட்டி, அடுத்த முறை போனால் மறுபடியும் அதே கதை.

பிளேடு பெரும்பாலும் போயிருக்காது. குளிர் மட்டும் ஆகரை ஒன்றும் செய்யாது, காய்ந்த எஃகு மைனஸ் 30 டிகிரியிலும் தன் வேலையைச் செய்யும். நனைந்த ஆகர்தான் உறையும். அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் கேட்க வேண்டியது இரண்டே கேள்விதான்: தண்ணீர் எப்படி ஏறியது, ஏன் இறங்காமல் தங்கியது?

பிளேடுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள், பெட்ரோல் ஆகர் என்றால் இன்ஜினை நிறுத்துங்கள். விறைத்துப்போன விரல் வெட்டுப்பட்டால் வலிகூடத் தெரியாது, ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

உறைந்ததா, மழுங்கியதா என்றே தெரியவில்லை

இதை முதலில் தீர்த்துக்கொள்ளாமல் வேறு எதையும் தொடாதீர்கள். ஆகர் வெளியே தள்ளும் சீவலைப் பாருங்கள். கூரான சீவும் பிளேடு (பல் இல்லாமல் நேராக இருக்கும் வகை) செதில் செதிலாக வெட்டித் தள்ளும். மழுங்கிய பிளேடும் வெட்டும், ஆனால் வருவது மாவு போன்ற தூளாக இருக்கும், நீங்கள் மேலிருந்து அமுக்கினால்தான் இறங்கும். ஐஸ் ஒட்டிய பிளேடு இது இரண்டையும் செய்யாது. ஐஸின் மேல் பளபளவென்று ஒரு வட்டம் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். எவ்வளவு அமுக்கினாலும் அந்த வட்டம் இன்னும் பளபளப்பாகுமே ஒழிய ஆழமாகாது.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. காலையில் நன்றாகக் காய்ந்த ஆகரால் போட்ட முதல் ஓட்டை எப்படி இறங்கியது? அது நன்றாக இறங்கி, நனைந்த பிறகு மட்டும் மக்கர் செய்தால், உறைதல். முதல் ஓட்டையே முக்கி முனகித்தான் இறங்கியது என்றால், மழுங்கல், அல்லது பிளேடு வளைந்திருக்கிறது, அல்லது சரியாகப் பொருந்தவில்லை. பழைய ஓட்டையின் ஓரத்தில் மணல் கலந்த ஐஸில் ஒரே ஒரு தடவை ஓட்டியிருந்தாலும் மழுங்கியிருக்கும், கரையோரமாகத் துளை போடுபவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் டார்ச் வெளிச்சத்தை நேராக வெட்டுவாயின் மேல் அடியுங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது. மழுங்கிய வாயில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். ஐஸ் இருந்தால் கோடாக இல்லாமல் கண்ணாடி மாதிரி உருண்டையாக மின்னும். விரலை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டாம்.

முதல் ஓட்டை அருமை, இரண்டாவதில் சறுக்குகிறது

இதுதான் எல்லோரும் சொல்லும் புகார், ஆகவே இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பிளேடைப் பக்கவாட்டில் திருப்பிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தச்சர் வைத்திருக்கும் இழைப்புளியின் தகடு போல, வெட்டுவாய்தான் ஐஸைத் தொடும் முதல் இடம். அதன் பின்பக்கம் சற்றே மேலே தூக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சின்ன இடைவெளி இருப்பதால்தான் வாய் ஐஸுக்குள் இறங்குகிறது. இப்போது அந்தச் சரிவில் ஒரு நகக்கண் கனத்துக்கு ஐஸ் படிந்துவிட்டால்? வெட்டுவாய் சுத்தமாக, கூராக, பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் ஐஸ் தரையில் உரசி வாயைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். வெட்டுவாயை மட்டும் பார்த்துவிட்டு "ஐஸே இல்லையே" என்று பலர் ஏமாறுவது இங்கேதான். துடைக்க வேண்டியது பிளேடின் அடிப்பக்கத்தை.

அந்தத் தண்ணீர் எப்படி அங்கே போகிறது? ஓட்டை அடியில் திறந்ததும் தண்ணீர் பொங்கி மேலே வரும். பலரும் அந்த நேரத்தில் ஆகரை மேலும் கீழுமாக நாலைந்து தடவை குத்தி, ஓட்டையில் மிதக்கும் ஐஸ் கூழை வெளியேற்றுவார்கள். பார்க்கச் சுத்தமான வேலைதான். ஆனால் ஆகரின் தலையிலிருந்து (பிளேடு இருக்கும் கீழ்முனை) தண்டைச் சுற்றியுள்ள சுருள் தகட்டின் பாதிவரை நனைந்துவிடும். மைனஸ் 5 டிகிரியில் இதனால் பெரிய தொந்தரவில்லை. மைனஸ் 20 என்றால் விஷயம் வேறு. ஒரு கிலோ எஃகு மைனஸ் 20 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது 0 டிகிரிக்கு ஏறி வருவதற்குள் தன்னைத் தொடும் தண்ணீரில் ஏறக்குறைய 30 கிராமை ஐஸாக்கிவிடும். இது தண்ணீருக்குள் இருக்கும்போதே நடப்பது. வெளியே எடுத்த பிறகு காற்று தன் பங்குக்கு ஆரம்பிக்கும். காற்று அடித்தால் ஆகர் சுற்றியுள்ள குளிரைவிடக் கீழே போகாது, ஆனால் அந்தக் குளிரை எட்டும் வேகம் பல மடங்கு கூடிவிடும்.

சரி, என்ன செய்வது? ஓட்டை திறந்ததும் ஒரே இழுப்பில், சுழன்றுகொண்டே, மேலே கொண்டுவாருங்கள். அந்த ஒரு இழுப்பிலேயே பாதிக் கூழ் வெளியே வந்துவிடும். மீதியை ஓட்டை போட்ட நீளக் கரண்டியால் அள்ளுங்கள், அந்தக் கரண்டி இருப்பதே அதற்குத்தான். மேலே வந்த ஆகரை ஓட்டைக்கு வெளியே, ஆட்கள் இல்லாத பக்கமாகப் பிடித்து இரண்டு மூன்று நொடி முழு வேகத்தில் சுற்றவிடுங்கள், தண்ணீர் தெறித்துப் போய்விடும். கையால் சுற்றும் ஆகர் என்றால் தண்டின் நடுப்பகுதியைப் பூட்ஸின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டுங்கள். பிளேடு இருக்கும் தலையை ஐஸில் மோதாதீர்கள். அது எல்லோரும் செய்வதுதான், செய்கிற எல்லோருடைய பிளேடும் சீக்கிரம் வாய் ஒடிகிறது. அப்புறம் நிறுத்திவிட்டு, காய்ந்த துணியால் பிளேடின் அடியை ஒரே துடைப்பாகத் துடைத்துவிடுங்கள். கம்பளிக் கையுறையால் துடைக்க வேண்டாம், நூல் ஒட்டிக்கொள்ளும், அந்த நூலைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஐஸ் வளரும்.

இதைவிடவும் நல்ல வழி, அடுத்தடுத்து எல்லா ஓட்டைகளையும் ஒரே மூச்சில் போட்டு முடித்துவிடுவது. ஓட்டைக்கு ஓட்டை ஆகர் வெளியே கிடக்கும் நேரம்தான் எதிரி. ஒன்றைப் போட்டு, தூண்டிலைப் போட்டு, அரைமணி நேரம் உட்கார்ந்து, மீன் கடிக்கவில்லை என்று எழுந்து இன்னொன்று போடப் போகும் வழக்கம் உள்ளவருக்குத்தான் ஆகர் ஒவ்வொரு முறையும் உறையும். எட்டு ஓட்டை வேண்டுமென்றால் எட்டையும் முதலில் போடுங்கள், மீன் எங்கே இருக்கிறது என்று அப்புறம் நிதானமாகத் தேடிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே உறைந்துவிட்டது, இப்போது எப்படி விடுவிப்பது?

ஓட்டைத் தண்ணீரில் முக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தப்பில்லை, ஆனால் முக்கும் விதம் இருக்கிறது. ஓட்டையின் மேல்மட்டத்தில் இருப்பது ஐஸ் கூழ் கலந்த 0 டிகிரித் தண்ணீர், அதற்கு ஐஸை உருக்கும் சூடு கிடையாது. குளிர்ந்த ஆகரை அதில் சும்மா ஒரு தடவை முக்கி எடுத்தால் இன்னொரு தோல் ஐஸ் கூடுதலாகப் போர்த்திக்கொண்டு வரும். நன்னீர் ஏரியில் ஐஸுக்குக் கீழே ஆழம் போகப் போகத் தண்ணீர் 0 டிகிரியிலிருந்து 4 டிகிரியை நோக்கி மெதுவாக ஏறும். ஆகவே தலை ஐஸின் அடிமட்டத்தைத் தாண்டி எவ்வளவு கீழே போகுமோ அவ்வளவு இறக்கி, மெல்லச் சுழற்றிக்கொண்டே ஒன்றிரண்டு நிமிடம் வைத்திருங்கள். எடுத்தவுடன் உதறித் துடைத்து நேராக அடுத்த ஓட்டைக்குப் போங்கள். இந்த இறக்கும் வேலையில் ஆகரைக் கைவிட்டுவிட்டால் அது ஏரிக்குச் சொந்தம், குறிப்பாகப் பேட்டரி டிரில்லில் மாட்டும் வகையில் சக்கின் (டிரில்லின் கவ்வும் வாய்) பிடி நழுவினால் போயே போச்சு. ஓட்டையைவிட அகலமான வட்டத் தகடு ஒன்றைத் தண்டின் மேல்பகுதியில் மாட்டிவையுங்கள்.

ஃபிளாஸ்கில் இருக்கும் வெந்நீரை ஊற்றலாம். உடனே வேலை செய்யும். ஊற்றிவிட்டுத் துடைக்காமல் விட்டால் முன்பைவிடக் கெட்டியான உறை கிடைக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நெருப்பைக் காட்டாதீர்கள். மெல்லிய வெட்டுவாய் சில நொடிகளில் அளவுக்கு மீறிச் சூடாகும், எஃகின் கடினம் போய்விடும், அதன் பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. பிளாஸ்டிக் சுருள் என்றால் உருகியே போகும். பியூட்டேன் லைட்டர்கள் அந்தக் குளிரில் ஒழுங்காக எரிவதும் இல்லை, பியூட்டேன் ஆவியாவதே மைனஸ் அரை டிகிரிக்கு மேல்தான்.

கத்தி, ஸ்க்ரூடிரைவர் கொண்டு சுரண்டுவதும் வேண்டாம். பிளேடில் ஒரு கீறல் விழுந்தால் அடுத்த ஐஸ் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் கெட்டியாக ஒட்டும். மரக்குச்சியோ பிளாஸ்டிக் சுரண்டியோ போதும்.

துடைத்துத் துடைத்து வைத்தாலும் தானாகவே ஐஸ் பூக்கிறது

ஆகரைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுபோனீர்களா? அல்லது ஹீட்டர் ஓடும் வண்டிக்குள் வைத்திருந்தீர்களா? பத்தில் ஒன்பது தடவை இதுதான் என்று சொல்லத் தோன்றும். கூடாரத்துக்குள் மூச்சுக்காற்றும் அடுப்பு ஆவியுமாக ஈரம் நிறைந்திருக்கும், குளிர்ந்த எஃகு உள்ளே வந்ததும் அந்த ஈரம் அதன் மேல் படியும். வெளியே எடுத்ததும் படிந்தது அத்தனையும் உறையும். இதமாக இருக்கட்டும் என்று உள்ளே எடுத்து வைப்பதுதான் வினை. ஓட்டை போடும் வேலை முடியும்வரை ஆகர் வெளியிலேயே, குளிராகவே, காய்ந்தே இருக்கட்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. சூடான வண்டியிலிருந்து நேராக எடுத்த ஆகரை முதல் ஓட்டைக்கு வைத்தால், சூட்டில் ஐஸும் பனியும் உருகிப் பிளேடில் ஒட்டி, பிளேடு குளிர்ந்ததும் அங்கேயே உறையும். ஏரிக்கு வந்ததும் ஆகரை வெளியே சாத்திவிட்டு மற்ற சாமான்களை இறக்குங்கள். அதற்குள் குளிர்ந்துவிடும்.

வெளியே வைப்பதிலும் ஒரு கவனம். நனைந்த தலையை ஐஸ் தரையில் ஊன்றி வைத்தால் தரையோடு ஒட்டும். பனிக்குவியலில் செருகினால் தூள்பனி ஈரத்தில் அப்பிக்கொள்ளும். சறுக்கு வண்டியின் மேல் படுக்க வைத்து, தலையைக் காற்றடிக்காத பக்கமாகத் திருப்பி வையுங்கள். ஸ்னோமொபைலின் பின்னால் இழுத்துப் போகிறீர்கள் என்றால் அது வாரியடிக்கும் பனி முழுக்கத் தலையில்தான் வந்து விழும், ஒரு பையைக் கட்டிவிடுங்கள்.

பாதிவரை இறங்குகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது

பிளேடைப் பார்க்காதீர்கள், சுருளைப் பாருங்கள். சீவல் மேலே ஏறி வெளியேற வழியில்லாமல் சுருளுக்குள் இறுகிக் கிடக்கும். மேலே கனமான பனி இருந்து அதைத் தள்ளாமல் துளை போட்டால் இப்படி ஆகும், வெளியே வந்த சீவல் மறுபடி ஓட்டைக்குள்ளேயே சரியும். பனிக்கும் ஐஸுக்கும் நடுவே தண்ணீர் தேங்கிய இடமாக இருந்தால் இன்னும் மோசம், ஓட்டை திறப்பதற்கு முன்பே ஆகர் நனைந்துவிட்டது. பூட்ஸால் பனியை ஒரு முழம் அகலத்துக்கு ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் இடத்தையே மாற்றுங்கள்.

சுருள் அடைத்துக்கொண்டால் அமுக்காமல் அரையடி மேலே தூக்கி, சுழலவிட்டு, சீவலை உதிர்த்துவிட்டு மறுபடி இறக்க வேண்டும். கடைசி இரண்டு அங்குலத்தில் வேகத்தைக் குறைத்து அமுக்காமல் விட்டால் ஓட்டை சுத்தமாகத் திறக்கும், தண்ணீர் பொங்குவதும் குறையும்.

ஆகர் ஓட்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது

பாதி துளைத்த ஓட்டையில் ஆகரை நிற்கவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் இதுதான் நடக்கும். முறுக்கி இழுத்து முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ரிவர்ஸ் உள்ள ஆகர் என்றால் சின்னச் சின்ன உதறலாக இருபக்கமும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ரிவர்ஸ் இல்லையென்றால் கையால் எதிர்த்திசையில் திருகிப் பாருங்கள். அசையவே இல்லையா, தண்டை ஒட்டி வெந்நீர் ஊற்றிக் கொஞ்சம் பொறுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கடப்பாறையால் பக்கவாட்டில் ஐஸைக் கொத்தி எடுப்பதுதான் வழி, ஆனால் பிளேடு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று கணக்குப் பார்த்துக் கொத்துங்கள்.

தண்ணீரில் இருந்தால் உறையாது என்று திறந்த ஓட்டைக்குள் ஆகரைத் தொங்கவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தலை உறையாது, உண்மைதான். ஆனால் நீர்மட்டத்தில் தண்டைச் சுற்றி உறையும். பத்து நிமிடத்துக்குச் சரி, சாப்பிட்டு வரும்வரை என்றால் வேண்டாம்.

உதறுகிறது, ஒரு பக்கமாக இழுக்கிறது

ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், அல்லது பிளேடுக்கும் அது உட்காரும் இருக்கைக்கும் நடுவில் ஈரம் புகுந்து உறைந்து பிளேடைத் தூக்கியிருக்கலாம். இரண்டு பிளேடில் ஒன்று மட்டும் மயிரிழை உயர்ந்தாலும் வேலை முழுவதும் அதன் தலையில் விழும். ஏரியில் நின்று பிளேடு மாற்றுபவர்களுக்கு இது அடிக்கடி வரும், பழைய பிளேடைக் கழற்றியதும் இருக்கையைத் துடைக்காமல் புதுசை மாட்டி முறுக்கிவிடுவார்கள். கழற்றி, துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். முடிந்தால் அதை வீட்டிலேயே செய்துவிட்டு வாருங்கள், விறைத்த கையிலிருந்து நழுவும் ஸ்க்ரூ பனியில் கிடைக்கவே கிடைக்காது. சீவும் பிளேடால் பழைய, மறுபடி உறைந்த ஓட்டையைத் திறக்க முயன்றாலும் இதே உதறல் வரும், அதற்குப் பல் வைத்த பிளேடு உள்ள ஆகர்தான் ஒத்துவரும்.

பிளேடில் எதைப் பூசுவது?

ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் வைக்கும் வரிசை இது. துளை போடுவதற்கு முன்தினம், காய்ந்த பிளேடின் அடியிலும் சுருளின் கீழ்ப்பகுதியிலும் பாரஃபின் மெழுகைத் தேய்த்து, துணியால் மெருகேற்றிவிடுவது முதலிடம். தண்ணீர் பரவாமல் திவலையாக உருண்டுவிடும், உதறினால் போய்விடும். தொடர்ந்து துளைக்கத் துளைக்கத் தேய்ந்துபோகும், ஆகவே ஒரு துண்டு மெழுகு பையில் இருக்கட்டும். உணவுத்தர சிலிக்கோன் ஸ்ப்ரே அடுத்தது.

ஏரியில் இருக்கும்போது ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணிக்கு ஈடில்லை. அது மைனஸ் 89 டிகிரிவரை உறையாது, பிளேடில் ஒட்டியுள்ள மெல்லிய ஈரத்தோடு கலந்து அதையும் உறையவிடாமல் துடைத்தெடுத்துவிடும். 90 சதவீதத்துக்கு மேல் உள்ளதாக வாங்குங்கள். சூடான இன்ஜின் பக்கத்தில் திறக்காதீர்கள், குப்பென்று பற்றும்.

காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் ஆன்டிஃப்ரீஸை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பூசாதீர்கள், அது விஷம், அப்படியே மீன் இருக்கும் தண்ணீருக்குள்தான் போகும். இன்ஜின் ஆயில், துரு எடுக்கும் ஸ்ப்ரே வகையறாவும் அப்படித்தான். எண்ணெய்ப் படலம் ஓட்டையில் மிதப்பதைப் பார்க்கும்போதே தெரியும்.

பிளேடு சரி, மற்றது உறைகிறது

மடக்கும் கைப்பிடியின் மூட்டில் தண்ணீர் போனால் மடங்காது, உடைத்து மடக்காமல் நீட்டியபடியே கொண்டுபோங்கள். பேட்டரியைக் கோட்டுக்குள் வைத்திருந்து துளைக்கும் நேரத்தில் மட்டும் மாட்டினால் கூடுதலாக ஓடும், குளிர்ந்த லித்தியம் பேட்டரி பாதி வழியில் மூச்சு வாங்கும். அதை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் மட்டும் போடக்கூடாது. பெட்ரோல் ஆகரில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் உறைந்து திறந்தபடியே நின்றுவிட்டால் ஆகரோடு மல்லுக்கட்டாமல் நேராக ஆஃப் சுவிட்சைத் தட்டுங்கள்.

வீட்டில் எடுத்துப் பார்த்தால் உறை பிளேடோடு ஒட்டியிருக்கிறது, உள்ளே துரு

நனைந்த தலையின் மேல் பிளாஸ்டிக் உறையை மாட்டிவிட்டு அப்படியே மூலையில் சாத்தியிருப்பீர்கள். ஏரியிலிருந்து வரும்போது உறை வேண்டும், வழியில் யார் கையையாவது கிழித்துவிடும். ஆனால் வந்ததும் கழற்றிவிட வேண்டும். உறை ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், அறைச் சூட்டில் வைத்தால் தானாகக் கழன்றுவிடும். தலையைக் கீழே பார்க்கத் தொங்கவிட்டு இரவு முழுக்கக் காயவிடுங்கள், ஸ்க்ரூ தலைக்குள்ளும் பிளேடு இருக்கைக்குள்ளும் தண்ணீர் ஒளிந்திருக்கும். காய்ந்த பிறகு ஒரு சொட்டு எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவலாம், அடுத்த தடவை கிளம்பும் முன் ஆல்கஹாலால் அதைச் சுத்தமாகத் துடைத்து மெழுகு தேய்த்துக்கொள்ளுங்கள். உறையின் அடியில் ஓட்டை இல்லையென்றால் டிரில்லை எடுத்து நாலு ஓட்டை போட்டுவிடுங்கள், தேங்கும் தண்ணீர் அதன் வழியாக இறங்கிப்போகும்.